தாண்டிப் போன லாட்ஜ்

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அழகர்கோவில் அடிவாரத்தில் டீக்கடைக்காரர் கேட்டார்.

"என்னக்கா, ஒத்தையில வந்திருக்கீங்க? டீச்சரம்மாவைக் காணோம்?"

"டீச்சர் நேபாளத்துல இருக்காங்கண்ணே. மலை ஏறப் போயிருக்காங்க."

"ஏன், இங்க இருக்கிற மலை பத்தலையாக்கும்?"

சிரித்து வைத்தேன். 

டீச்சர் என்றால் மேரி டீச்சர். மிஷன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். வயதில் என்னைவிட ஏழு வருடம் மூத்தவர், நடையில் இருபது வருடம் இளையவர். ஞாயிறு தவறாமல் இருவரும் சோலைமலை முருகன் கோயில் வரை ஏறி இறங்குவோம். இப்போது நான் ஏறுவதோடு சரி. இறங்குவதற்குக் கோயில் பஸ்.

மூட்டு டாக்டர் உத்தரவு அப்படி. "ஏறலாம்மா, இறக்கம் மட்டும் கூடாது" என்றார். "அப்ப ஏறிட்டு அங்கேயே குடியிருந்துக்கவா டாக்டர்?" என்று கேட்டேன். மனுஷன் சிரிக்கவில்லை. எக்ஸ்ரேயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த முட்டி போன கதையைச் சொல்லிவிடுகிறேன்...

இரண்டு வருடத்துக்கு முன்னால் நாங்கள் சேர்ந்து போனதும் இதே நேபாளப் பாதைக்குத்தான். ஒன்பது நாள் நடை. பகலில் நடக்க வேண்டும், சாயங்காலம் ஒரு லாட்ஜில் தங்க வேண்டும். லாட்ஜ் என்றதும் மதுரை டவுன்ஹால் ரோடு லாட்ஜை நினைத்துக்கொள்ளாதீர்கள். பலகைச் சுவர். நடு ஹாலில் ஒரு இரும்பு அடுப்பு. அதற்கு மேலே கொடி கட்டி, ஊர் உலகத்து ஜனங்களின் ஈரச் சாக்ஸெல்லாம் காயும். எட்டாம் நாள் ஒரு கணவாய். அதைத் தாண்டினால் பனி மலைகள் வரிசை கட்டி நிற்குமாம். வேலையில் இருந்த காலத்திலேயே அந்தக் கணவாயின் படத்தை பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தவர் டீச்சர். தினமும் சேலை எடுக்கும்போது அதைப் பார்ப்பாராம்.

நடை எங்களுக்குப் புதிதா என்ன? நான் தைப்பூசத்துக்கு மதுரையிலிருந்து பழனிக்குப் பதினோரு வருடம் பாதயாத்திரை போனவள். டீச்சர் வேளாங்கண்ணிக்கு நடந்தவர். இந்தச் சமவெளியில் நடக்கிறவர்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான் – வெயிலுக்கு முன்னாடி நடந்துவிட வேண்டும். விடியக்காலை மூன்று மணிக்குக் கிளம்பி, தார் ரோடு கொதிப்பதற்குள் அடுத்த ஊரைப் பிடித்து, ஏதாவது ஒரு மண்டபத்தில் காலை நீட்டிவிட வேண்டும். இது எனக்கு ரத்தத்தில் ஊறிப்போனது. நேபாளத்துக்கு வந்திருக்கிறோம் என்பது ரத்தத்துக்குத் தெரியுமா?

எங்கள் கைடு டாவாவுக்கு ஐம்பது வயதிருக்கும். சாதுவான மனிதர். முதல் நாளே நான் அவருக்கு ஒரு தமிழ் வார்த்தை சொல்லிக் கொடுத்தேன் – 'சீக்கிரம்'.

ஆறாம் நாள். தங்க வேண்டிய லாட்ஜுக்குக் காலை ஒன்பதரைக்கே வந்து சேர்ந்துவிட்டோம். டாவா பையை இறக்கி வைத்தார். இன்றும் நாளையும் இங்கேதான், உயரம் உடம்புக்குப் பழகிய பிறகுதான் மேலே ஏற வேண்டும் என்று அவர் இங்கிலீஷில் சொன்னதை, டீச்சர் எனக்குத் தமிழில் சொன்னார். நான் வானத்தைப் பார்த்தேன். வெயிலே இல்லை!

"டீச்சர், மணி ஒம்பதரைதான் ஆகுது. பகல் பூரா இங்க உக்காந்து என்ன செய்ய? வெயில் ஏறுறதுக்குள்ள மேல போயிருவோம்."

"டாவா வேணாங்கிறாரே, சுந்தரி."

"அவருக்கென்ன தெரியும்?"

மலையில் பிறந்தவருக்கு மலையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டவள் யார்? பரவைக்காரி! எங்கள் ஊரில் இருக்கிற பெரிய ஏற்றமே ரயில்வே பாலம்தான். அதோடு விட்டேனா? பையை மாட்டிக்கொண்டு நான் பாட்டுக்கு நடையைக் கட்டிவிட்டேன். தனியாக விட முடியாமல் இரண்டு பேரும் பின்னாலேயே வந்தார்கள்.

மேல் லாட்ஜுக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் தலை பிளந்தது. வாந்தி. நிற்கச் சொன்னால் தள்ளாடினேன். டாவா என் கண்ணைப் பார்த்தார். உடனே கீழே இறங்கியாக வேண்டும் என்றார். ஒரு தோளை அவர் பிடிக்க, மறு தோளை டீச்சர் பிடிக்க... இறங்கும் வழியில் கல் இடறி முட்டியும் திருகிக்கொண்டது.

அன்றைக்கு மேலே இருந்த வேறொரு குழு, நீங்கள் எங்களோடு இருங்கள் என்று டீச்சரைக் கூப்பிட்டது. "சுந்தரியை விட்டுட்டு நான் மட்டும் போயி என்னத்தைப் பாக்க?" என்று சொல்லிவிட்டார். கணவாய்ப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு இன்றுவரை, உன்னாலதான் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் மனசு ஆறியிருக்கும். திட்டாத மனுஷியிடம் என்னவென்று மன்னிப்புக் கேட்பது?

இந்த முறையும் என்னைத்தான் முதலில் கேட்டார். "வாரியா சுந்தரி?"

"முட்டி விடாது டீச்சர். நீங்க போயிட்டு வாங்க."

முறுக்கு சுற்றிக் கொடுத்து வழியனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து அழுதேன். "அதான் டிவியில மலையெல்லாம் காட்டுறானே" என்றார் என் வீட்டுக்காரர். மனுஷனுக்கு ஆறுதல் சொல்ல வருகிற லட்சணம் அது!

எனக்கு அந்தப் பாதை வேண்டும். அந்த விறகுப் புகை வேண்டும். ஈரச் சாக்ஸ் நாற்றம்கூட வேண்டும். அங்கே மூன்று வேளையும் உருளைக்கிழங்குதான். அலுத்துக்கொண்டே தின்றேன். இப்போது பரவை மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு மூட்டையைப் பார்த்துக் கண் கலங்குகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நேற்று டீயை வைத்துவிட்டு மெல்ல ஏறினேன். மேலே கோயில் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தபோது போன் அடித்தது. டீச்சர்!

"எங்க இருக்கீங்க டீச்சர்?"

"நீ தாண்டிப் போனியே, அந்த லாட்ஜ்லதான். முந்தாநாள் வந்தோம்."

"அப்ப இன்னைக்கு மேல ஏறணும்ல?"

"கூட வந்தவங்க வேற கைடோட காலையிலயே ஏறிட்டாங்க. நானும் நம்ம டாவாவும் இன்னும் ஒரு நாள் இருந்துட்டுத்தான்."

பதறிவிட்டேன். "ஏன், உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"உடம்பெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. அன்னைக்கு நீ இங்க தங்காமப் போயிட்டேல்ல? ஒன் பங்குக்கும் தங்கிட்டுப் போறேன்."

அந்தப் பக்கம் யாரோ சத்தமாக என்னவோ சொல்வது கேட்டது.

"யாரு டீச்சர்?"

"டாவாதான். புதுசா ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்திருக்கேன். நீயே கேளு."

போனைக் காதில் அழுத்திக்கொண்டேன். "மெதுவா... சுந்தரி... மெதுவா..."

கோயில் பஸ் வந்து நின்றது. ஏறவில்லை. அடுத்த பஸ்ஸும் போனது. வெயில் உச்சிக்கு வந்து சுள்ளென்று அடித்தது. நகர்ந்து நிழலில் உட்கார்ந்துகொண்டேன்.

என் பங்குக்கு டீச்சர் அங்கே உட்கார்ந்திருக்கும்போது, வெயிலைக் கண்டு நான் மட்டும் எழுந்து ஓடுவதா?