குழி அளவில் ஒரு ஸ்டூல்

“…ஏறினது ஏறிட்டேன், எறங்கறதுக்கு இன்னா வழின்னு சொல்லுங்க. ஃபயர் சர்வீசுக்கு போன் போடட்டா?”

இந்தப் பேச்சின் முன்பாதி எனக்குக் கேட்கவில்லை. நான் அப்போது தரையில் ஒருக்களித்துப் படுத்து, ஸ்டூலின் நாலு காலும் தரையில் பதிந்திருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். பதிந்திருந்தது. ஆடவே இல்லை. அந்தச் சந்தோஷத்தோடு தலையைத் தூக்கினால், கண்ணுக்கு நேரே என் மனைவியின் இரண்டு பாதங்கள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாணுக்கு மேல் இடைவெளி. ஒரு பூனை வாலை நிமிர்த்திக்கொண்டே போய்வரலாம்.

நான் ஒரு நெசவுக்காரன். மரவேலைக்கும் எனக்கும் அதுவரை இருந்த சம்பந்தம், தறி மரத்தில் சாய்ந்து டீ குடிப்பது மட்டும்தான். அப்படிப்பட்டவன் ஏன் ரம்பத்தைத் தொட்டான் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் நான் நெய்வேன், அவள் தார் சுற்றுவாள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் பட்டு இழையைச் சுற்றிக் கொடுப்பதுதான் தார் சுற்றுவது. அதற்கு ஒரு ராட்டை. ராட்டை தரையில் இருக்கும், அவளும் தரையில் இருப்பாள். கல்யாணமாகி வந்த மறுமாசத்திலிருந்து என் தறிக்கு ஆறடி தள்ளி அவளுடைய இடம் அதுதான். வலது கை சக்கரத்தைச் சுற்றும், இடது கை இழையை விடும், வாய் ஊரைச் சுற்றிவரும்.

போன வருஷம் அவளுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, “இனிமே தரையில உக்காரவே கூடாதும்மா” என்று சொல்லிவிட்டார். வருகிற வழியெல்லாம் ஷேர் ஆட்டோவில் அவள் முட்டியைத் தடவிக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் கேட்டாள்: “அப்போ ராட்டைய அந்த டாக்டர் வந்து சுத்துவாரா?”

டாக்டர் வரவில்லை. அவளேதான் சுற்றினாள். உட்காரும்போது ஒரு ‘அம்மாடி’, எழுந்திருக்கும்போது இரண்டு. தறிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அவள் எழுகிற அழகைப் பார்க்க முடியாமல் நான் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலைப் பார்த்துக்கொள்வேன். ஒரு நாள் சொல்லிவிட்டாள்.

“இந்தப் பாவு முடியட்டுங்க. அடுத்த பாவுலேர்ந்து தார் சுத்தறத அந்த மோட்டார் வீட்டுல குடுத்துடலாம். நான் ஹால்ல சேர் போட்டுக்கினு, சீரியல் பார்த்துக்கினு, நிம்மதியா இருக்கேன்.”

இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் மோட்டார் வைத்துச் சுற்றித் தருகிறார்கள். நன்றாகவே சுற்றுகிறார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த ‘நிம்மதியா’தான் என்னைக் குத்தியது. அவள் ஹாலுக்குப் போய்விட்டால் தறி அறையில் நான் மட்டும். ஒருமுறை அவள் பத்து நாள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது ரேடியோ வைத்துப் பார்த்தேன். ரேடியோவும் நிறையப் பேசியது. ஆனால் நான் ஒன்று சொன்னால் எதிர்த்துப் பேசத் தெரியவில்லை அதற்கு.

ஒரு பாவில் மூன்று புடவை. அப்போது இரண்டாவது தறியில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவதை அறுத்து எடுப்பதற்குள் அவளை அந்த அறையிலேயே உட்கார வைக்க ஒரு வழி பண்ணியாக வேண்டும். முதலில் பிளாஸ்டிக் சேர் போட்டேன். கை வைக்கிற இடத்தில் அவள் முழங்கை இடித்தது. சக்கரத்தை இழுத்தால் சேரும் கூடவே வந்தது. “ராட்டை சுத்தறேனா, ரங்கராட்டினம் ஆடறேனா?” என்று கேட்டுவிட்டு மறுபடி தரைக்கே போய்விட்டாள். ராட்டையை உயர்த்தி வைக்க எங்கள் பழைய டிரங்குப் பெட்டி இருந்தது. கை இல்லாத, நகராத, கனமான ஒரு ஸ்டூல்தான் பாக்கி. போனில் பார்த்தேன். ஒரு ஆள் பன்னிரண்டு நிமிஷத்தில் செய்து அதன் மேல் ஏறி நின்று சிரித்தான். எனக்குப் பன்னிரண்டு நாள் போதாதா?

ஐயம்பேட்டை போகிற வழியில் ஒரு மரக்கடை. கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா செய்யப் போறீங்கண்ணா?”

“ஸ்டூல்.”

“முன்ன செஞ்சிருக்கீங்களா?”

“வீடியோ பார்த்திருக்கேன்.”

அவர் சிரிக்கவில்லை. அதுதான் அவருடைய பெரிய மனசு. “வீடியோல வர்ற மரத்துக்குக் கணுவே இருக்காதுண்ணா. இருந்தா அத கட் பண்ணிட்டுத்தான் போடுவாங்க” என்றார். பிறகு நல்ல வேப்பமரத்தில் உட்காரும் பலகை ஒன்றும் கால் கட்டைகளும் எடுத்து வைத்தார். கால்களை எண்ணினேன், ஐந்து.

“ஸ்டூலுக்கு நாலு கால்தானே?”

“ஸ்டூலுக்கு நாலு. கத்துக்கறவங்களுக்கு அஞ்சு.”

மனுஷர் பேச்சில் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. நல்லதாக ஒன்று காதில் விழுந்தால் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வேன். அன்றைக்கு எழுதத் தாள் இல்லை. பலகையின் மேலேயே பென்சிலால் எழுதிக்கொண்டேன். ஷேர் ஆட்டோவில் கட்டைகளை மடியில் நிறுத்திக்கொண்டு வந்தேன். எதிரே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, “இன்னாபா, தேரு கட்டப் போறியா?” என்றார். ஸ்டூல் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. “ஆமாம்மா” என்றேன்.

இனி அளவு. இங்கேதான் எங்கள் எதிர்வீட்டுக்காரர் வருகிறார். அவரும் நெசவுதான், என் வயசுதான். யார் வீட்டில் என்ன வேலை நடந்தாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்று யோசனை சொல்வார். கட்டின கை மட்டும் அவிழாது.

“உசரம் எவ்ளோ வைக்கிறதுன்னு தெரியலபா” என்றேன்.

“இதுல தெரியாததுக்கு இன்னா இருக்குது? மனுஷன் உக்கார்ற உசரம்தான். உன் குழிய அளந்துக்கோ.”

எனக்கும் அது சட்டென்று பிடித்துப்போனது. எங்களுடையது குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு, குழி விளிம்பில் போட்ட பலகையில் உட்கார்ந்து, கீழே மிதிகட்டையை மிதித்து நெய்கிறோம். பகல் முழுக்க, வருஷம் முழுக்க அப்படித்தான். எங்களுக்கு உட்காருவது என்றால் அதுதான். பலகையிலிருந்து குழியின் அடி வரைக்கும் டேப் விட்டேன். இருபத்தெட்டு அங்குலம். எதிர்வீட்டுக்காரர், “இரு, என்னுதையும் பார்த்துடலாம்” என்று கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருபத்தேழரை.

“பார்த்தியா? ரெண்டு ஊட்லயும் அரை அங்குலம்தான் வித்தியாசம். அப்போ அளவு கரெக்ட்” என்றார். இரண்டு பேரும் ரொம்ப நேரம் தலையாட்டிக்கொண்டோம்.

அளந்த இரண்டு குழியும் ஆண்பிள்ளைகள் கால் நீட்டி வேலை செய்கிற குழி. அந்த ஸ்டூலில் உட்காரப் போகிறவள் என் தோளுக்குக் கீழே நிற்கிறவள். அதுவும் குழியில் யாரும் காலைத் தொங்கவிட்டு அடியில் பாதத்தை ஊன்றிக்கொண்டு உட்காருவதில்லை. கால் முன்னால் நீண்டு, மிதிகட்டை மேல்தான் இருக்கும். இதெல்லாம் இப்போது எழுதும்போது பளிச்சென்று தெரிகிறது. அன்றைக்கு, முப்பது வருஷம் குழியில் உட்கார்ந்த இரண்டு பேர் மூளைக்கும் எட்டவில்லை.

வேலையை ஆரம்பித்தேன். ரம்பம் போட்டு இழுக்கும்போதெல்லாம் என் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. ராட்டைக்குப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: “அங்க மிதிகட்டை இல்லீங்க.” முதல் கால் சாய்வாக அறுபட்டு, மரக்கடைக்காரர் சொன்ன ஐந்தாவது காலுக்கு உடனே வேலை வந்துவிட்டது. கெட்டுப்போன காலைக் கொண்டுபோய் அவளிடம் காட்டினேன்.

“நல்லா இருக்குது. மாவு கிண்டலாம்” என்றாள்.

ஒரே ஒரு விஷயத்தில் நான் மார் தட்டிக்கொள்ளலாம். பசை போட்ட இடம் காயும்வரை இறுக்கிப் பிடிக்க, வீடியோவில் அந்த ஆள் ஏதோ இரும்புப் பிடி வைத்திருந்தான். என்னிடம் இல்லை. தறிக் கயிற்றை நாலு காலையும் சுற்றிக் கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினேன். மூட்டு அப்படியே கவ்விக்கொண்டது. கயிற்றை இழுத்துக் கட்டுவதில் எங்களிடம் யாராவது வாலாட்ட முடியுமா?

“மரத்துக்கும் பாவு புடிச்சிட்டீங்களா?” என்றாள். ஆனால் கிட்டே வந்து கயிற்றைச் சுண்டிப் பார்த்தாள். சத்தம் நன்றாக வந்தது. ஒன்றும் சொல்லாமல் போனாள். அவள் அகராதியில் அது பாராட்டு.

எல்லா நாளும் ஸ்டூலைக் கவிழ்த்துப் போட்டோ, படுக்க வைத்தோதான் வேலை செய்தேன். அதனால் உயரம் யார் கண்ணிலும் படவில்லை. மூன்றாவது புடவையை அறுத்து மடித்து வைத்த அன்று காலையில்தான் கடைசித் திருகாணி இறங்கியது. அடுத்த பாவுக்கான பட்டு மறுநாள் வந்துவிடும். மோட்டார் வீட்டுக்கு அன்றைக்கே சொல்லியாக வேண்டும் என்று அவளும் முந்தின நாளிலிருந்து இரண்டு தடவை ஞாபகப்படுத்திவிட்டாள்.

டிரங்குப் பெட்டி மேல் ராட்டையை வைத்தேன். அதன் பக்கத்தில் ஸ்டூலை நிமிர்த்தினேன். நிமிர்த்தும்போதே கண்ணை மூடிக்கொண்டேன். அவள் தறிக் கம்பத்தைப் பிடித்து, என் தோளைப் பிடித்து, ஒரு வழியாக ஏறினாள். நான் கால்களைச் சோதிக்கப் படுத்தேன். அப்போது வந்ததுதான் அந்த ஃபயர் சர்வீஸ்.

“உசரம் கொஞ்சம் ஜாஸ்தியோ?” என்று எழுந்தேன்.

“கொஞ்சமா? ராட்டை கீழ உக்காந்துக்கினு என்னை அண்ணாந்து பார்க்குது, பாருங்க. இங்கேர்ந்து எனக்கு எதிர் ஊட்டு மாடில காயற துணிகூடத் தெரியுது.”

நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். கை பின்னால்.

“குழி அளவுக்குத் தானேம்மா வெச்சோம். கரெக்டா இருக்கணுமே?”

அவள் மேலே இருந்தபடியே அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “அளந்தது ரெண்டு பேருமா? அப்போ ரெண்டு பேரும் அந்தக் குழிலயே இருங்கண்ணா. மேல வராதீங்க.”

அவருக்கு வீட்டில் அடுப்பில் பால் இருப்பது ஞாபகம் வந்துவிட்டது.

நான் தோளைக் கொடுத்தேன். அவள் இறங்கினாள். இறங்கும்போது ‘அம்மாடி’ வந்தது. அந்தச் சத்தத்தோடு என் பன்னிரண்டு நாள் கர்வமும் இறங்கிவிட்டது. கேலியாக எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன், கேலி வரவில்லை.

“சொம்மா உட்டுடு. அடுத்த பாவுக்கு மோட்டார் வீட்டுல குடுத்துடலாம்” என்றேன். “முட்டி நல்லா இருந்தாப் போதும். நீ ஹால்ல உக்காரு. நான் இங்க… நான் பார்த்துக்கறேன்.”

“இன்னா பார்த்துப்பீங்க?”

“ரேடியோ இருக்குது.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு ஸ்டூலைப் பார்த்தாள். ஒரு கையால் பலகையை அழுத்தி, அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை. உள்ளே போனாள். போன் ஹாலில்தான் சார்ஜில் இருந்தது. மோட்டார் வீட்டுக்குத்தான் பேசப் போகிறாள் என்று நினைத்தேன். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஹலோ ஏதும் கேட்கவில்லை.

திரும்பி வந்தாள். கையில் சாமி மாடத்துக் குங்குமச் சிமிழ். பென்சில் என் காதில்தான் செருகி இருந்தது, அவள் கேட்கவில்லை.

“தள்ளுங்க” என்றாள். ஸ்டூலின் இரண்டு காலைப் பிடித்துத் தூக்கி, பலகை கீழேயும் கால்கள் கூரையைப் பார்த்தும் இருக்கும்படி தலைகீழாகக் கவிழ்த்தாள். அதை ஒட்டி நேராக நின்றாள். புடவையைக் கொஞ்சம் உயர்த்தி, முட்டிக்குப் பின்னால் மடிப்பு விழுகிற இடத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். விரலில் குங்குமத்தைத் தொட்டு, குனிந்து, அதே உயரத்தில் மரக்காலில் ஒரு பொட்டு வைத்தாள். அப்புறம் ஸ்டூலைத் திருப்பி அடுத்த காலுக்கு வைத்தாள், அதற்கடுத்ததற்கும் வைத்தாள். நாலாவதற்கு வைத்து முடித்துவிட்டு, ரம்பத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள்.