அசையக் கூடாத நீர்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் சுற்றி வளைத்துச் சொல்வேன். இப்போது ஒரே வரிதான்: "கம்ப்யூட்டருக்குள்ள தண்ணிய ஓட வெச்சுப் பாக்குறோம்." ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுக்கு மாடிக் குடியிருப்பில் கீழ்வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "இங்க ரெண்டு பக்கமும் ஓடுறது போதலையா உங்களுக்கு?" என்றார். நியாயமான கேள்விதான். ஆற்றில் திறந்துவிடும் தண்ணீர் எந்த இடத்தில் எப்போது கரையேறும், எவ்வளவு ஆழம் நிற்கும் என்று முன்கூட்டியே கணக்கிடுகிற மென்பொருள் எங்களுடையது. கல்லூரிகளிலும் பொறியாளர் அலுவலகங்களிலும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதை எழுதிப் பராமரிக்கும் சிறிய ஆராய்ச்சிக் குழுவை ஒருங்கிணைப்பது என் வேலை.

தினமும் காலையில் காவிரிப் பாலத்தைத் தாண்டி எடமலைப்பட்டி புதூர் வரை ஸ்கூட்டரில் போவேன். அங்கே ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் மூன்று அறைகள் எங்களுக்கு. குழுவில் என்னைவிட நன்றாகக் கணிதம் தெரிந்தவர் இருக்கிறார். என்னைவிட நன்றாக நிரல் எழுதுகிறவரும் இருக்கிறார். அதில் எனக்குக் கூச்சமில்லை. எனக்குத் தெரிந்தது வேறொன்று. இரண்டு பேர் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு வேறு வேறு பொருளை நினைத்திருந்தால் எனக்குச் சீக்கிரம் புரிந்துவிடும். பதினைந்து வருடத்தில் கற்றுக்கொண்டது அதுதான். அது தெரிந்தவர் ஒருவர் இல்லாமல் இந்த மாதிரிக் குழு நடக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

இந்தக் கதை எங்கள் குழுவில் மூன்று பேரைப் பற்றியது. என்னையும் சேர்த்தால் நான்கு.

முதலாமவர் கணிதக்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்து தேவாலயத்திலிருந்து நேரே எனக்குப் போன் செய்து, "ஒரு யோசனை வந்துச்சு, எழுதிக்கோங்க" என்பார். நிரலைத் தொடவே மாட்டார். சமன்பாடுகளைக் கோடு போட்ட நோட்டில் நீல மையில் எழுதித் தருவார். அதில் அடித்தல் திருத்தல் பார்த்ததில்லை.

இரண்டாமவர் பாலக்கரையிலிருந்து வருகிற பெண். சென்னையில் வேலை பார்த்தவர், குழந்தைகளுக்காக எட்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். நேர்முகத் தேர்வில் மற்றவர்கள் எல்லாம் எங்கள் மென்பொருள் என்னென்ன செய்யும் என்று கேட்டார்கள். இவர் மட்டும், "எந்த டெஸ்ட்ல இது ஃபெயிலாகும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே அவரை எடுத்தேன்.

மூன்றாமவர் திருவெள்ளறைக்காரர். விவசாயக் குடும்பம். நில அளவைத் தகவல்களைச் சரிபார்ப்பதும் தமிழில் கையேடு எழுதுவதும் அவர் பொறுப்பு. அதிகம் பேசமாட்டார்.

புதிய பதிப்பை வெளியிடுவதற்கு ஒன்பது நாள் இருந்தது. வெளியீட்டோடு சேர்த்து ஒரு பயிற்சி முகாமும் அறிவித்திருந்தோம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ரயில் டிக்கெட் எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலை, பையைக்கூட நான் இறக்கி வைக்கவில்லை, பாலக்கரைப் பெண் வந்து நின்றார்.

"மேடம், ரெண்டு நிமிஷம் வந்து பாருங்களேன்."

அவர் திரையில் ஒரு குளம். அதில் தண்ணீர் சும்மா நிற்கிறது. காற்று இல்லை, வரத்து இல்லை, வடிகால் இல்லை. தரை எவ்வளவு மேடு பள்ளமாக இருந்தாலும் இந்தத் தண்ணீர் அசையக் கூடாது. இப்படிப்பட்ட மென்பொருளுக்கெல்லாம் வைக்கிற முதல் பரீட்சை இது. எங்களுடையது அதில் பல வருடங்களுக்கு முன்பே தேறியிருந்தது.

"இதுல என்ன?" என்றேன்.

"இதுல ஒண்ணும் இல்ல. சும்மா நடுவுல ஒரு தீவு வெச்சுப் பார்த்தேன்."

அடுத்த படத்தைக் காட்டினார். குளத்தின் நடுவே தண்ணீருக்கு மேலே ஒரு மண்மேடு. அதைச் சுற்றிச் சின்னச் சின்ன அம்புக்குறிகள். யாரும் தொடாத தண்ணீர் தீவைச் சுற்றி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

ஸ்ரீரங்கத் தீவில் குடியிருக்கிற எனக்கு இத்தனை வருடமாக அந்தக் குளத்தில் ஒரு தீவை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. அதைத்தான் முதலில் நினைத்தேன். இரண்டாவதாக, ஒன்பது நாள்.

கணிதக்காரரைக் கூப்பிட்டோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையருகே குனிந்து பார்த்தார்.

"ரொம்பச் சின்ன வேகம். வெள்ளம் வரும்போது இதெல்லாம் ஒரு பொருட்டே இல்ல."

"சின்னதுதான் சார். ஆனா நிக்கலையே."

"என் ஃபார்முலாவுல இது வராது. போன வருஷமே நிரூபிச்சுக் கொடுத்திருக்கேன். கோட்ல ஏதோ இருக்கும்."

"கோட வரிக்கு வரி உங்க நோட்டோட வெச்சுப் பாத்துட்டேன் சார். அப்படியேதான் இருக்கு."

"அப்ப நான் நிரூபிச்சது பொய்யா?"

"நான் அப்படிச் சொல்லல சார்."

சொல்லவில்லைதான். ஆனால் அறையில் இருந்த எல்லோருக்கும் அப்படித்தான் கேட்டது. கணிதக்காரர் நோட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார். அதன்பின் இரண்டு நாள் இருவரும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். "அவங்ககிட்ட சொல்லுங்க, பக்கம் நாற்பதைப் பாக்கட்டும்." "சார்கிட்ட கேளுங்க, எந்த நோட்டுல பக்கம் நாற்பதுன்னு." அறைகளுக்கு நடுவில் பத்தடி தூரம்கூடக் கிடையாது.

இருவரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை, கவனக்குறைவானவர்களும் இல்லை. அப்படியென்றால் தவறு இருவருக்கும் நடுவில் எங்கோ இருக்க வேண்டும். புதன்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் போய், நில உயரத் தகவலைக் கணிதக்காரரின் சமன்பாடுகளுக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தருகிற பகுதியைத் திறந்தேன். மென்பொருளின் மிகப் பழைய பகுதி அது, வருடக்கணக்காக யாரும் தொட்டதில்லை. எந்த வரியை யார் எழுதினார்கள் என்பது பக்கத்திலேயே பதிவாகியிருக்கும். வரிசையாக என் பெயர். குழுவில் நாங்கள் இரண்டே பேராக இருந்தபோது நான் எழுதியது. அதன் நடுவில் என் கையாலேயே ஒரு குறிப்பு: "கரையோரத்துக்கு இது போதுமா என்று பிறகு பார்க்க வேண்டும்."

பார்க்கவில்லை. அந்தக் குறிப்பை அழித்துவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு கணம்தான். எழுந்து போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தேன். எல்லோரும் வருவதற்குள் என்ன செய்வது என்று எனக்குத் தெளிவாகிவிட்டது.

இருவரையும் வெள்ளைப் பலகைக்கு முன் நிறுத்தினேன். எங்கள் மென்பொருள் நிலப்பரப்பைச் சின்னச் சின்ன முக்கோணங்களாக வெட்டித்தான் கணக்குப் போடும்.

"சண்டை அப்புறம் போட்டுக்கலாம். ரெண்டு பேரும் ஆளுக்கொரு முக்கோணம் வரைங்க. தரையோட உயரத்த எந்த இடத்துல எடுக்குறீங்களோ அங்க ஒரு புள்ளி வைங்க. அவ்வளவுதான்."

கணிதக்காரர் முக்கோணத்தின் நட்டநடுவில் ஒரு புள்ளி வைத்தார். பாலக்கரைப் பெண் மூன்று முனைகளிலும் மூன்று புள்ளி வைத்தார்.

பிறகு ஒருவர் படத்தை மற்றவர் பார்த்தார்.

"முனையிலயா?" என்றார் கணிதக்காரர். இரண்டு நாளில் அந்தப் பெண்ணிடம் அவர் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

"கோட்ல அப்படித்தான் சார் வருது. நீங்க நடுவுலயா?"

"தரையோட உயரம்னா நடுவுலதான். வேற எங்க?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். முனைகளிலிருந்து நடுவுக்கு மாற்றுகிற வரிகள் நான் எழுதியவை என்று சொன்னேன். முழுக்க நனைந்த முக்கோணத்தில் அவை சரியாகவே வேலை செய்யும். பாதி நனைந்து பாதி காய்ந்த கரையோர முக்கோணத்தில், தட்டையான நீர்மட்டம் சாய்ந்திருப்பதாக நிரல் எடுத்துக்கொள்ளும். சாய்ந்த தண்ணீர் ஓடத்தானே செய்யும்? குறிப்பைத் திரையில் திறந்து காட்டினேன்.

கணிதக்காரர்தான் முதலில் சிரித்தார்.

"நல்லவேளை மேடம். நான் ரெண்டு நாளா என் நிரூபணத்துல ஓட்டை தேடிக்கிட்டிருந்தேன்."

பாலக்கரைப் பெண் சிரிக்கவில்லை. "அப்ப இத எப்ப சரி பண்றோம்?" என்றார்.

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஏழு நாளில் முடியாது என்று மூவருக்கும் தெரியும். அப்படியே வெளியிட்டுவிட்டு அடுத்த பதிப்பில் திருத்தலாம், அப்படிச் செய்கிற குழுக்கள் உண்டு. எங்கள் இயக்குநர் போனில் அதைத்தான் கேட்டார். "பெரிய வெள்ளத்துல தெரியாதுங்கிறீங்க. அப்புறம் ஏன் தள்ளிப் போடணும்? வெளியில எப்படிப் பார்ப்பாங்க?"

"சார், ஆழமில்லாத தண்ணி கரையோரமா மெதுவா ஏறுறதப் பார்க்கத்தான் பாதிப் பேர் இத எடுக்குறாங்க. தெரிஞ்சே தப்பான அம்புக்குறிய அவங்க கையில கொடுக்க முடியாது. மூணு வாரம் கொடுங்க. கடிதம் நானே எழுதுறேன்."

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. "சரி, உங்க பொறுப்பு."

என் பொறுப்புத்தான். அதில் எனக்குத் தயக்கமே இருக்கவில்லை. தயக்கமெல்லாம் கடிதத்தை எழுதுவதில்தான் வந்தது. மென்பொருளைப் பயன்படுத்துகிற எல்லோருக்கும் போக வேண்டிய கடிதம். மூன்று முறை எழுதினேன். திருவெள்ளறைக்காரரிடம் படித்துப் பார்க்கச் சொன்னேன். நிதானமாகப் படித்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரியா இருக்கு மேடம். ஆனா தப்பு நடந்திருக்குன்னு மூணாவது பாராவுலதான் வருது. முதல் வரியிலயே சொல்லிடுங்களேன்."

முதல் இரண்டு பாராவையும் தூக்கினேன். "எங்கள் மென்பொருளில் கரையோரக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. அது நான் எழுதிய பகுதியில் இருக்கிறது" என்று தொடங்கியது கடிதம். எந்தெந்தக் கணக்குகளை மறுபடி பார்க்க வேண்டும், எவற்றை அப்படியே நம்பலாம் என்று அடுத்து எழுதினேன். பயிற்சி முகாமுக்கு வருகிறவர்களிடம் தனித்தனியாகப் போனில் பேசினேன். ஒருவர் நன்றாகவே திட்டினார், கேட்டுக்கொண்டேன். இன்னொருவர் வேறொரு மாவட்டத்துப் பொறியாளர். ஏரிக்கரை ஓரமாகத் தண்ணீர் காரணமில்லாமல் சுழல்வதை அவர் முன்பே பார்த்திருக்கிறார். தான்தான் எதையோ தப்பாகப் போட்டுவிட்டோம் என்று நினைத்து மாதக்கணக்கில் வெளியே சொல்லாமலே இருந்திருக்கிறார். "இப்பத்தான் மேடம் நிம்மதியா இருக்கு" என்றார். அந்தத் திட்டைவிட இந்த நிம்மதிதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த மூன்று வாரமும் கணிதக்காரர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பாலக்கரைப் பெண்ணின் மேசைக்கே வந்துவிட்டார். அவர் நோட்டில் எழுத எழுத, அந்தப் பெண் பக்கத்திலேயே நிரலாக்கினார். முதல் முயற்சியில் குளம் நின்றது, ஆனால் ஓட வேண்டிய ஆறு ஓரிடத்தில் தேங்கிவிட்டது. இரண்டாவதில் ஆறு ஓடியது, குளம் மறுபடி அசைந்தது. அவர் நோட்டில் முதல் முறையாக அடித்தல் திருத்தல் பார்த்தேன். ஒருநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்தபடியே இருவரும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். நான் நடுவில் போகவில்லை. எப்போது போகக் கூடாது என்பதும் இந்த வேலையில் ஒரு பாதி.

மூன்றாவது முயற்சி ஒரு வியாழக்கிழமை காலை. தீவைச் சுற்றி ஒரு அம்புக்குறியும் இல்லை. வேகத்தை எண்ணாகக் காட்டச் சொன்னோம். கம்ப்யூட்டரில் சுத்தமான பூஜ்யம் சுலபத்தில் வராது. புள்ளிக்குப் பிறகு பூஜ்யங்கள் நீளமாகப் போய், கடைசியில் ஏதோ ஒரு எண் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதப் பூஜ்யம்னு ஒத்துக்கலாமா?" என்று கேட்டார் கணிதக்காரர்.

பாலக்கரைப் பெண் அந்தப் பூஜ்யங்களை இரண்டு முறை விரல் வைத்து எண்ணினார். கணக்கை இன்னும் பல மடங்கு நேரம் ஓடவிட்டுப் பார்த்தார். எண் வளரவில்லை.

"இத ஒத்துக்கறேன் சார்."

முகாம் சொன்ன தேதியிலிருந்து மூன்று வாரம் தள்ளி நடந்தது. போனில் திட்டியவரும் வந்திருந்தார், முதல் வரிசையிலேயே. தொடக்க வகுப்பை எடுத்தது பாலக்கரைப் பெண். பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தீவுக் குளத்தை ஓடவிட்டார். அதற்குமேல் எங்கள் மென்பொருளைப் பற்றி யாருக்கும் விளம்பரம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு குழுவில் ஒரு விதி வைத்தேன். வெளியீட்டை நிறுத்தி வைக்கும் உரிமை குழுவில் எல்லோருக்கும் உண்டு, காரணத்தைச் சொன்னால் போதும், என் அனுமதி வேண்டாம். இந்த உரிமையை யார் முதலில் பயன்படுத்துவார்கள் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். கணிதக்காரர்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

அடுத்த பதிப்பு தயாராகி, வெளியிடப் போகிற அன்று காலை திருவெள்ளறைக்காரர் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"மேடம், நிறுத்தணும்."

"என்ன ஆச்சு?"

"கையேட்டுல ஒரு இடத்துல மதகையும் கலிங்கையும் மாத்திப் போட்டிருக்கேன். நான் எழுதினதுதான். மதகு பாசனத்துக்குத் திறக்குறது. கலிங்கு ஏரி நிறைஞ்சு வழியுறது. எங்க அப்பா பார்த்தா வீட்டுக்குள்ள விடமாட்டாரு."

"எத்தனை இடம்?"

"ஒண்ணுதான் பார்த்தேன். இன்னும் இருக்கலாம். முழுசாப் படிக்கணும். சாயந்திரம் ஆகும்."

"படிங்க," என்றேன்.