ஹெக்சேன் கொட்டகையும் மச்சானின் ரேடியோவும்

எண்பதுகளில் மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கம் ஓர் ஆலையில் கருவி மெக்கானிக்காக இருந்தேன். செம்பனைக் கொட்டையை நசுக்கி எண்ணெய் எடுத்த பிறகும் புண்ணாக்கில் கொஞ்சம் எண்ணெய் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தனிக் கொட்டகை ஒன்றில் ஹெக்சேன் என்ற திரவத்தால் கழுவி எடுப்பது எங்கள் தொழில். ஹெக்சேன் பெட்ரோலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதன் ஆவி காற்றில் கலந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும். பிறகு கொட்டகையைப் பக்கத்துத் தோட்டத்தில் போய்த் தேட வேண்டும்.

என் அக்காவின் கணவர் அந்தக் கொட்டகையில்தான் வேலை செய்தார், ஹெக்சேன் தொட்டிக்கு நேர் கீழே. மானேஜரிடம் சொல்லி எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. அதை நான் மறந்துவிடக்கூடாது என்பதில் அவர் கவனமாக இருந்தார்.

தொட்டியில் எவ்வளவு ஹெக்சேன் இருக்கிறது என்று காட்டும் மின்கருவி ஒன்று உண்டு. அதன் கம்பி கொட்டகையிலிருந்து தள்ளி இருந்த பேனல் அறைக்கு வரும். வழியில் தீப்பெட்டி அளவில் பேரியர் என்ற ஒரு தடுப்பு. பேனல் அறையில் என்ன கோளாறு நடந்தாலும், பொறி கிளப்பும் அளவு மின்சாரத்தை அது கொட்டகைக்குள் விடாது. மிஞ்சியதைப் பூமிக்குள் இறக்கிவிடும். அதற்கென்றே தடித்த செம்புக் கம்பி ஒன்று தரையில் இறங்கும். அந்தக் கம்பியில் வேறு எதையும் கட்டக்கூடாது. ஒவ்வொரு ஷிப்டுக்கும் இதைச் சொல்லியிருந்தேன். எல்லாரையும்விட நன்றாகத் தலையாட்டியவர் மச்சான்.

மச்சானுக்கு மத்தியானத் தமிழ்ப் பாட்டு இல்லாமல் சோறு இறங்காது. கொட்டகைக்குள் ரேடியோ கூடாது என்பது சட்டம். அதை அவர் ஒருநாளும் மீறியதில்லை. பேனல் அறையில் வைத்துக்கொண்டார். மேலே தகரக் கூரை, சுற்றிலும் இரும்பு. பாட்டுக்குப் பதில் வறுக்கிற சத்தம்தான் வந்தது.

தோட்டத்து லய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு வைத்தியம் தெரியும். ரேடியோவின் முதுகிலிருந்து ஒரு கம்பியை இழுத்துத் தண்ணீர்க் குழாயிலோ மண்ணில் அடித்த இரும்பிலோ கட்டுவார்கள். பாட்டு தெளிந்துவிடும். எங்கள் லயத்தில் குழாயடியைச் சுற்றிக் கம்பிகள் கொடிபோலப் படர்ந்திருந்தன. பேனல் அறையில் குழாய் இல்லை. பளபளவென்று ஒரு செம்புக் கம்பி பூமிக்குள் போய்க்கொண்டிருந்தது. மச்சான் அதில் கட்டினார்.

பாட்டு அருமையாக வந்ததாம். ரேடியோ பழையது. உள்ளே எங்கோ மின்சாரம் கசிந்து, பூமிக்குள் இறங்கியது போக மிச்சம் செம்புக் கம்பி வழியாகப் பேரியருக்குள் ஏறி, அதன் ஃபியூஸைத் தீர்த்துக்கட்டியது. தொட்டிக் கருவி செத்தது. ஆலை நின்றது. அந்த ஃபியூஸை மாற்றவும் முடியாது. எங்களைப்போன்றவர்கள் திறந்து கம்பி சுற்றுவார்கள் என்று தெரிந்தே, பேரியரைச் செய்த கம்பெனிக்காரன் பிசின் ஊற்றி மூடியிருந்தான்.

தீபாவளி நெருங்கிய நேரம். புதுப் பேரியர் கோலாலம்பூரில்கூட இல்லை, சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும். வாசலில் புண்ணாக்கு லோரிகள் வரிசையாக நின்றன. மானேஜர் கெட்டவரில்லை. மேலே இருந்தவர்கள் அவர் கழுத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"சம்போங் தெரூஸ் லா," என்றார். பேரியரை விட்டுவிட்டுக் கம்பியை நேராக இணைத்துவிடு, புதுசு வரும்வரைதானே என்றார்.

நான் முடியாது என்றேன். மானேஜர் போய் மச்சானை அனுப்பிவைத்தார்.

"நேரா கம்பி குடு மாப்ள. நாலஞ்சு நாளுதானே. ஓவர்டைம் போச்சுன்னா பிள்ளைங்களுக்குத் துணி யாரு எடுக்குறது?"

"மச்சான், தொட்டிக்குக் கீழ நிக்கப்போறது யாரு?"

"நான்தான் நிக்கிறேன். எனக்கே பயமில்ல, ஒனக்கென்னா?"

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அவருக்கு ஏதாவது ஆனால் மூன்று பிள்ளைகளோடு வாசலில் நிற்கும் அக்காவின் முகத்தை என்னால் பார்க்க முடியாது. இதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. "ரேடியோ யாருது மச்சான்?" என்று மட்டும் கேட்டேன். அதன் முதுகில் அவர் பெயர் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது. "அது வேற கதை," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பேரியர் வரும்வரை ஆலை ஓடவில்லை. மச்சானைக் கிடங்கில் மூட்டை தூக்க விட்டார்கள். தீபாவளியன்று அக்கா எனக்குச் சாப்பாடு போட்டாள், பேசவில்லை. மச்சான் பேசினார், சுவரைப் பார்த்து. வெடிக்காத கொட்டகையைக் காட்டி, பார்த்தீர்களா என்று கேட்க முடியாது. பழைய பாவாடையோடு சுற்றித் திரிந்த அக்காவின் மூத்த மகளை மட்டும் எல்லாரும் பார்த்தார்கள்.

மச்சானுக்கு இப்போது எண்பது நெருங்குகிறது. சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடினால் என்னைக் காட்டி ஆரம்பித்துவிடுவார்.

"இவன் ஒரு பயந்தாங்கொள்ளி. அன்னைக்கு நேரா கம்பி குடுத்திருந்தா ஒன்னுமே ஆயிருக்காது லா."

அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழிதான் இருந்தது, அதை நான் அவருக்குக் கொடுக்கவில்லை. அவர் என்னைத் திட்டும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. "ஆமா மச்சான்," என்பேன். அக்கா அவர் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்து, பேசாமல் சாப்பிடச் சொல்வாள்.