மேற்குச் சுவர்

உத்தமபாளையத்தில் ஜக்கம்மாவை இருபது ஆண்டுகளாக எல்லாருக்கும் சித்தாளாகத் தெரியும். கல் கட்டவும் பூசவும் நன்றாகக் கற்றுக்கொண்டவர். ஆனாலும் அவரை நம்பி ஒருவரும் ஒரு கட்டடத்தை ஒப்படைத்ததில்லை. போன ஆண்டு அப்துல் வாஹித் ஒப்படைத்தார். துபாயிலிருந்து திரும்பியவர் அவர். ஊருக்கு வெளியே இருந்த ஏலக்காய் மூட்டை அடுக்கிவைக்கும் நூறு வயதுக் கிட்டங்கியை வாங்கி, கூடுதலாக ஒரு கூடமும் கட்டி, காபிக் கடையாக்க நினைத்தார். இந்த வேலை கெட்டுப்போனால் ஜக்கம்மாவுக்கு மறுபடியும் சாந்துச் சட்டிதான்.

கருங்கல் சுவர், தேக்கு உத்தரம், இரண்டும் கெட்டி. ஓடுகளைப் பிரித்துக் கழுவவே மூன்று வாரம் ஆனது. தகராறு மேற்குச் சுவரில் வந்தது. அதில் ஒரு சன்னல்கூட இல்லை. அதை உடைத்து அந்தப் பக்கம் திறந்த கூடம் வேண்டும் என்றார் வாஹித்.

“மலையைப் பாத்துக்கிட்டே காபி குடிக்கணும்க்கா. அதுக்குத்தான் வருவாக.”

“ஆனி, ஆடிக் காத்து அங்கனருந்துதான் அடிக்கும், பாய். கட்டுனவுக சன்னல் வைக்க மறந்துட்டாகளா?”

“பதினாறு வருசம் பாலைவனக் காத்தைப் பாத்தவன் நான்.”

அப்போது ஆனி பிறந்திருந்தது. மறுநாள் மாலை ஜக்கம்மா அந்தச் சுவருக்கு வெளியே மேசை, நாற்காலி போட்டு, காபி வாங்கி வைத்து, அவரை உட்காரச் சொன்னார்.

வாஹித் இரண்டு வாய் குடித்தார். மூன்றாவது வாய்க்குத் தொப்பி பறந்தது. அதைப் பிடிக்க எழுந்ததும் மேசையிலிருந்த கட்டட வரைபடம் சுவரில் மோதிப் பக்கத்து வாழைத்தோப்புக்குள் போனது, பேப்பர் கப் அதன் பின்னாலேயே. திரும்பி வந்தவரின் தாடியெல்லாம் மண்.

“பாலைவனம் பரவாயில்லையா பாய்?”

“சிரிக்காதீகக்கா. அப்ப மலைக்கு என்ன செய்ய?”

ஜக்கம்மா அவரைக் கிழக்குப் பக்கம் கூட்டிப்போனார். அங்கே கட்டடமே காற்றை மறித்து நின்றது. எதிரே மாலை வெயிலில் மேகமலை பளிச்சென்று தெரிந்தது.

“இந்த மலை ஆகாதா? மேக்க இருந்தாத்தான் மலையா?”

கூடம் கிழக்கே எழுந்தது. மேற்குச் சுவரில் ஒரு கல்லும் அசையவில்லை.

இந்த ஆடியில் கடை திறந்தார்கள். வெளியே தென்னைமட்டைகள் விழுந்துகொண்டிருந்தன. உள்ளே மேசை விரிப்பு ஆடவில்லை. கூடலூரில் பழைய பங்களா ஒன்றைப் புதுப்பிக்க ஆள் தேடிக்கொண்டிருந்த கிறிஸ்டோபர் கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“மேஸ்திரி யாரு? அவரைப் பாக்கணுமே.”

வாஹித் கை காட்டிய மேசையில் ஜக்கம்மா மட்டும் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். கிறிஸ்டோபர் அவரைத் தாண்டி எட்டிப் பார்த்தார்.

“அங்கன யாரும் இல்ல, நான்தான்” என்றார் ஜக்கம்மா. “எப்ப வரட்டும்?”