கறுப்புத் திரை கேட்ட கேள்வி

மருத்துவமனையில் அவருக்கு ‘வேணாம் அக்கா’ என்று பெயர். பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதித் தாருங்கள் என்றால் வேண்டாம் என்பார். எல்லோரும் ஒரே பெயரில் கணினிக்குள் போய்க்கொள்ளலாமே என்றாலும் அதே பதில்தான். மருந்துச் சீட்டு முதல் ரத்தப் பரிசோதனை முடிவு வரை எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் சர்வர் அவர் பொறுப்பில் இருந்தது. படமும் பொத்தானும் இல்லாத கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டித்தான் அதைக் கட்டி மேய்த்தார். இத்தனை பாரமும் ஒப்பந்த ஊழியரான அக்கா தலையில். நிரந்தர வேலையும் கதவில் பெயர்ப்பலகையும் மேலாளருக்கு. இந்த அநியாயத்துக்கு நிர்வாகம் வைத்திருக்கும் பெயர் சிக்கனம்.

அன்று காலை சர்வர் உறைந்துபோனது. மருந்தகத்தில் ஒரு சீட்டும் திறக்கவில்லை. வரிசை வாசலைத் தாண்டியது. மேலாளர் மூச்சிரைக்க வந்து அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அக்கா கட்டளையைத் தட்டினார். வழக்கமாக நேரே பாஸ்வேர்ட் கேட்கும் திரை, அன்று எண்ணும் எழுத்துமாக ஒரு நீண்ட தொடரைக் காட்டி, இந்தச் சர்வரின் சான்றிதழை நம்புகிறீர்களா என்று கேட்டது. சான்றிதழ் சர்வரின் அடையாள அட்டை. அந்தத் தொடர் அதன் கைரேகை. பழகிய சர்வர் என்றால் இந்தக் கேள்வியே வராது.

“ஆமான்னு போடும்மா. தினம் பாக்குற சர்வர்தானே.”

“தினம் பாக்குறதாலதான் சார் சொல்றேன். வேற எதுவோ நடுவுல உக்காந்துக்கிட்டு அது பேர்ல பேசுது.”

“பேய் பிசாசுன்னு ஆரம்பிச்சிடாதீங்க.”

“பேயா இருந்தா பரவால்ல சார். அதுக்குப் பாஸ்வேர்ட் தேவைப்படாது.”

மேலாளர் சிரிக்கவில்லை. “வெளிய குழந்தைங்களத் தூக்கிட்டு நிக்கிறாங்க. உங்க கான்ட்ராக்ட் பேப்பர் இந்த மாசம் என் மேஜைக்குத்தான் வரும்.”

அக்கா ‘இல்லை’ என்று தட்டி, திரையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு எழுந்தார். சர்வர் எதிர்க் கட்டடத்தில். வழியில் மருந்தக வரிசை.

“இன்னும் எவ்ளோ நேரம்மா?” காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டிருந்த பெண் கேட்டாள்.

“அதுக்குத்தாம்மா ஓடுறேன்.”

அந்த ஓட்டத்தில்தான் அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். சந்தேகம் பொய்த்துப்போனால், அந்தக் குழந்தையை நிற்கவைத்தது தன் பிடிவாதம்தான். வேலையும் போகும், போனால் நியாயம் கேட்கவும் வாய் இருக்காது.

சர்வரின் எதிரிலேயே உட்கார்ந்து, அதன் விசைப்பலகையிலேயே கட்டளையைத் தட்டினார். கேள்வி எதுவும் வரவில்லை. பாஸ்வேர்டைக் கொடுத்ததும் சர்வர் எழுந்தது. மருந்தகத்தில் சீட்டுகள் திறக்கத் தொடங்கின. பிறகு அதன் கைரேகையைத் திரையில் வரவழைத்துக் கைபேசிப் படத்தோடு ஒப்பிட்டார். அது வேறு, இது வேறு. சர்வர் இருந்த அடுக்கின் கீழ்த்தட்டில் புதிதாக ஒரு சின்னப் பெட்டி கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

“இது எப்ப வந்துச்சு சார்?”

பின்னாலேயே வந்திருந்த மேலாளர் கழுத்தைத் தடவினார். “நேத்து. நெட்வொர்க் வேகத்தை அளக்கணும்னு ஒரு வெளிக் கம்பெனிக்காரங்க வச்சாங்க. நான்தான் சரின்னேன்.”

“நான் ஆமா போட்டிருந்தா நம்ம பாஸ்வேர்ட் இவங்க கையில. நோயாளிங்க கதை மொத்தமும் சந்தி சிரிச்சிருக்கும்.”

நம்பு என்று சொல்ல யாருக்கும் தகுதி தேவைப்படுவதில்லை. காட்டு என்று கேட்பவரைத்தான் நாம் திமிர் பிடித்தவர் என்கிறோம். அக்காவுக்கு இருந்தது அந்தத் திமிர்.

வீட்டில் கதையைக் கேட்ட கணவர், “என்னை மட்டும் எப்படிடி நம்புன?” என்றார்.

“உங்க ஆபீஸ்ல நாலு பேர்கிட்ட விசாரிச்சேன். ரெண்டு பேர் நல்லவருன்னாங்க.”

மறுநாள் கூட்டத்தில் தலைமை மருத்துவர் தாமதத்துக்குக் காரணம் கேட்டார். பழியை அக்கா மேல் போட்டுவிட்டு மேலாளர் கைகழுவியிருக்கலாம். “பெட்டிய அனுமதிச்சது நான், சார். அவங்க நிறுத்தலன்னா இன்னிக்கு வேற கூட்டம் நடந்திருக்கும்” என்றார்.

ஒப்பந்தம் நீண்டது. நிரந்தரம் ஆக்கவில்லை, அந்த வெட்கம் மருத்துவமனையுடையது. ஆனால் இப்போது சான்றிதழ் மாறினால், மேலாளரே சர்வர் அறையிலிருந்து தொலைபேசியில் அக்காவுக்குக் கைரேகையை ஓர் எழுத்து விடாமல் வாசிக்கிறார்.

“நடுவுல ஒண்ணு விட்டுட்டீங்க சார். மறுபடி மொதல்ல இருந்து.”

அவரும் மறுபடி வாசிக்கிறார்.