மாட்டு மந்தையில் வளர்ந்த குதிரை

சிங்கப்பூரில் குதிரைப் பந்தயம் நின்றுபோனதும் என் கணவர் வேலையில்லாமல் வீட்டுக்கு வந்தார். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் அங்கே ஒரு லாயத்தில் இருந்தவர். குதிரைகளைக் காலையில் ஓட்டிப் பழக்குவதும் குளிப்பாட்டுவதும்தான் வேலை. எனக்கு இங்கே ஜொகூரில், தெப்ராவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை இருந்ததால் சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. ஆனால் மனிதர் பேசுவதை நிறுத்திவிட்டார். "சாப்ட்டாச்சு", "கதவ பூட்டிட்டியா", அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் தொலைக்காட்சியைப் பார்த்தபடி இருப்பார். என்ன ஓடுகிறதென்று கேட்டால் தெரியாது.

சில மாதங்கள் கழித்து, கோத்தா திங்கி ஊருக்கு வெளியே, எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். ஓடி ஓய்ந்த பந்தயக் குதிரைகள் மூன்றைக் கொண்டுவந்து, சனி ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அங்கேயும் குதிரைகளோடுதான் பேச்சு. நான் விடுமுறை நாட்களில் போய் லாயம் கூட்டுவேன், பெற்றோர்களுக்குத் தேத்தண்ணி கலக்கிக் கொடுப்பேன்.

அப்படி இருக்கும்போதுதான் பக்கத்து அரசாங்க நிலக் குடியேற்றத் திட்டத்தில் இருந்த மலாய்க்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். நாங்கள் அவரை, மலாயில் மாமா என்பதுபோல, பாக்சிக் என்று கூப்பிடுவோம். செம்பனை மரங்களுக்குக் கீழே மாடு மேய்ப்பவர். அவருடைய மந்தையில் ஒரு குதிரை இருந்தது. யாரோ ஆசைக்கு வளர்த்துவிட்டு ஊரைவிட்டுப் போகும்போது ஒரு சினைக் குதிரையை விட்டுப் போயிருக்கிறார்கள். அது மாடுகளோடு சேர்ந்துகொண்டது. அங்கேயே குட்டி போட்டது. பிறகு தாய் செத்துப்போக, குட்டி மாடுகளோடே வளர்ந்து இப்போது பெரிய பெட்டைக் குதிரையாகிவிட்டது. மனிதக் கை பட்டதே இல்லை. மோட்டார் சத்தம் கேட்டால் மிரண்டு ஓடும். அப்படி ஓடியதில் ஒரு தொழிலாளி மோட்டாரோடு விழுந்துவிட்டார். தோட்டத்து மேனேஜர், "அதை இங்கேயிருந்து கொண்டுபோ, இல்லாவிட்டால் நாங்கள் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும்" என்று பாக்சிக்கிடம் சொல்லிவிட்டார். அதை நாங்கள் எடுத்துப் பழக்க முடியுமா என்று கேட்கத்தான் அவர் வந்தார்.

குதிரையை ஏற்றியது வேடிக்கையான வேலை. பாக்சிக் உப்பைக் காட்டி நாலைந்து மாடுகளை லோரியில் ஏற்றினார். குதிரையும் பின்னாலேயே ஏறிவிட்டது. எங்கள் இடத்துக்கு வந்து, வட்டமாக அடைத்த வேலிக்குள் எல்லாவற்றையும் இறக்கி, மாடுகளை மட்டும் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார். லோரி சாலையில் திரும்பியதும் அந்தக் குதிரை கத்திய கத்தல் இருக்கிறதே, எங்கள் மற்ற குதிரைகள் மூன்றும் தீனி தின்பதை நிறுத்திவிட்டன. இருட்டும்வரை அது வேலியை ஒட்டி ஓடிக்கொண்டே இருந்தது.

என் கணவருக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். தலைக்கயிறு மாட்டி, கயிற்றின் நடுவில் டயர் டியூப் ஒன்றை வைத்து, அசையாத கம்பத்தில் கட்டிவிடுவது. குதிரை இழுக்கும், டியூப் நீளும், சுருங்கும். இழுத்துப் பயனில்லை என்று தெரிந்ததும் நின்றுவிடும். லாயத்தில் அப்படித்தான் பார்த்திருக்கிறார். ஆனால் அங்கே வந்த குதிரைகளெல்லாம் பிறந்ததிலிருந்து மனிதர்களைப் பார்த்தவை. இது அப்படியில்லை. ஆட்களை வைத்துப் பெரும்பாடுபட்டுக் கயிறு மாட்டினார். கட்டியதும் அது பின்னால் இழுத்தது, எகிறியது, அப்படியே மல்லாந்து விழுந்தது. உதட்டில் ரத்தம். எழுந்திருக்கவில்லை. நான் செத்துப்போய்விட்டதென்றே நினைத்தேன். அவர்தான் ஓடிப்போய்க் கத்தியால் கயிற்றை அறுத்தார். அறுத்த பிறகும், குதிரை எழுந்து நிற்கும்வரை முட்டிபோட்டு அங்கேயே இருந்தார்.

மிருக டாக்டருக்கு நான்தான் போன் செய்தேன். யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண்மணி. அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்று, சொந்தமாக வைத்தியம் பார்ப்பவர். வந்து, வேலிக்கு வெளியே நின்று குதிரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார்.

"தம்பி, கட்டிப்போட்டா இது அடங்கும். பயத்துல அடங்கும். அதுக்குப் பேரு பழகுறது இல்ல."

"டாக்டர், நீங்க ஊசி போடறப்ப அதைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறவன் நானு. சும்மா தடவிக் கொடுத்துக்கிட்டே இருந்தா ஒரு நாளு யாரையாவது ஒதைச்சிக் கொன்னுடும். அப்ப யாரு பதில் சொல்றது?"

"ஒதைக்கிறது பயந்த குதிரைதான்."

"பயம் இல்லாத குதிரையும் ஒதைக்கும், டாக்டர். நான் வாங்கியிருக்கேன்."

நான் அடுப்படிக் கொட்டகையில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தேன். என் கை நின்றுவிட்டது. பல மாதங்களாக அவர் வாயிலிருந்து இத்தனை வார்த்தைகள் சேர்ந்தாற்போல் வந்து நான் கேட்கவில்லை.

டாக்டர் சொன்ன வழியையே பார்ப்போம் என்று முடிவானது. கயிறு மாட்டக் கூடாது, துரத்தக் கூடாது. வேலிக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, குதிரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்ள வேண்டும். அதுவாக வரும்வரை காத்திருக்க வேண்டும். வாரக் கடைசியில் டாக்டரே வந்து உட்கார்ந்தார். மற்ற நாட்களில் என் கணவர். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சொல்லிச் சொல்லி ஆற்றாமையைத் தீர்ப்பார். "பார்பர் ஷாப்ல நம்பர் வரட்டும்னு உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு. அது என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல." நான் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்பேன். சிரித்தால் கோபித்துக்கொள்வார் என்று அடக்கிக்கொள்வேன்.

குதிரை வரவில்லை. இளைத்துக்கொண்டே போனது. புல்லை மோந்து பார்த்துவிட்டு வேலியோரம் போய், லோரி போன திசையைப் பார்த்து நிற்கும். டாக்டருக்கும் கவலை வந்துவிட்டது. சத்து மருந்து கொடுத்தார், பலனில்லை. "இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்" என்று அவர் சொன்னபோது குரலில் முன்பிருந்த உறுதி இல்லை. என் கணவரும் ஜெயித்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு மாலை பாக்சிக் பார்க்க வந்தார். விலா எலும்பு தெரியும் குதிரையைப் பார்த்து, "அலாமாக்" என்று மலாயில் பதறினார். உடனே மோட்டாரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலையில் அவருடைய லோரி வந்தது. அதிலிருந்து ஒரே ஒரு கிழட்டுச் செவலை மாட்டை இறக்கினார்.

என் கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. "குதிரை பழக்குற எடத்துல மாடா? ஜொகூர் பாருல இருந்து சவாரிக்கு வர்றவங்க பாத்தா என்ன நெனைப்பாங்க? சிரிப்பாங்க லா."

பாக்சிக் மலாயில் பதில் சொன்னார். அதற்குக் குதிரையென்றால் என்னவென்றே தெரியாது, மாட்டைத்தான் தெரியும், தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் சோறு இறங்கும் என்று அவர் சொன்னதற்கு அர்த்தம். பிறகு எங்கள் பதிலுக்குக் காத்திராமல் வேலியைத் திறந்து மாட்டை உள்ளே விட்டார். குதிரை ஓடி வந்து அதன் கழுத்தில் முகத்தை வைத்தது. மாடு அதைப் பொருட்படுத்தவே இல்லை. நேராகப் புல்லுக்குப் போய்த் தின்ன ஆரம்பித்தது. குதிரையும் பக்கத்தில் நின்று தின்றது.

ஞாயிற்றுக்கிழமை வந்த டாக்டர் அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். "நான் படிச்சதுல இது எங்கயும் இல்ல."

"நான் பாத்ததுலயும் இல்ல," என்றார் என் கணவர். "ஆனா டாக்டர், நாளைக்கு மாட்டையும் கூட்டிக்கிட்டா சவாரி போறது? ஒரு நாளு பிரிச்சித்தான் ஆகணும். சீக்கிரம் பிரிச்சா நல்லது."

"லேட்டா பிரிச்சாத்தான் நல்லது."

மறுபடியும் வாக்குவாதம் ஆரம்பமானது.

குதிரையை முதலில் தொட்டது நான்தான். அது திறமையால் நடந்ததில்லை. மாட்டின் மேல் உண்ணி அப்பியிருந்தது. சனிக்கிழமைகளில் வேலிக்குள் போய் அதை எடுத்துவிட்டு, தேங்காய் நார் பிரஷ்ஷால் முதுகைத் தேய்ப்பேன். குதிரை மாட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும். வாரங்கள் போகப் போகக் கொஞ்சம் நெருங்கி நின்றது. ஒரு நாள் மாட்டின் முதுகுக்கு மேலே தலையை நீட்டியது. நான் தேய்ப்பதை நிறுத்தாமல் பிரஷ்ஷை அப்படியே அதன் கழுத்துக்குக் கொண்டுபோனேன். தோல் ஒரு தடவை சிலிர்த்தது. ஆனால் நகரவில்லை. அதன் மூச்சு என் கையில் சூடாகப் பட்டது. திரும்பிப் பார்த்தால் என் கணவர் தீனி வாளியோடு வேலிக்கு அப்பால் நிற்கிறார். கூப்பிடவில்லை. அசையவுமில்லை. நான் வெளியே வந்த பிறகுதான் கேட்டார்: "எப்படி இருந்துச்சு?"

"கழுத்து ரொம்ப மெத்துனு இருக்குங்க."

"ம்," என்றார். கண் கலங்கியிருந்தது.

அதற்குப் பிறகு அவர் மாட்டைத் தேய்க்கப் பழகிக்கொண்டார். தலைக்கயிறை முதலில் மாட்டுக்கு மாட்டிக் கழற்றிக் காட்டுவார், பிறகு குதிரைக்கு. மாட்டை நான் முன்னால் நடத்த, அவர் குதிரையைப் பின்னால் நடத்துவார். கயிற்றை இழுக்கக் கூடாது என்று டாக்டரும், கொஞ்சமாவது இழுத்துப் பிடித்தால்தான் கயிறென்று தெரியும் என்று அவரும் நடந்துகொண்டே வாதாடுவார்கள். ஒரு முறை குதிரை துத்தநாகத் தகட்டில் முன்னங்காலைக் கிழித்துக்கொண்டது. தையல் போட வேண்டியிருந்தது. என் கணவர் பிடித்த பிடியும் மயக்க ஊசியும் இல்லாவிட்டால் முடிந்திருக்காது என்று டாக்டர் எனக்கும் கேட்கும்படி சொன்னார். ஆனால் தையல் பிரிக்கிற நாளில் இருவருக்கும் திரும்பச் சண்டை.

செவலை மாடு வருஷம் முடிவதற்குள் பாக்சிக் வீட்டுக்குத் திரும்பிப் போனது. குதிரை இரண்டு நாள் கத்தியது, பிறகு எங்கள் கிழட்டுப் பந்தயக் குதிரை ஒன்றோடு ஒட்டிக்கொண்டது. இப்போது என் கணவரை ஏற்றிக்கொண்டு செம்பனை வரிசைகளுக்குள் போய்வருகிறது. மோட்டாருக்கு இன்னமும் மிரளும். பிள்ளைகளை ஏற்றலாமா கூடாதா என்பது தீராத வழக்கு. ஏற்றலாம் என்று சொல்வது டாக்டர், கூடாது என்பவர் என் கணவர். எப்போது கட்சி மாறினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

யார் சொன்னது சரி என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இத்தனை சண்டைக்குப் பிறகும் வருவதை நிறுத்தாத டாக்டருக்கும், கேட்காமலே மாட்டைக் கொண்டுவந்த பாக்சிக்குக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். பல ராத்திரிகள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேச்சுச் சத்தம் கேட்டது அவர்களால்தான். போன வாரம்கூட, பண்ணைக்குப் புதிதாக வந்த ஒரு மட்டக் குதிரையைப் பற்றி என் கணவர் டாக்டரோடு போனில் வாதாடிக்கொண்டிருந்தார். குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. நான் கூப்பிடவில்லை.