மீன்குழம்புக்கு முந்தின மாத்திரை

"குடிக்கிற மனுசனா எம் வூட்டுக்காரரு? சொல்றவ வாயி வெந்துபோவும் பொன்னி" என்றாள் சைதூன். கோவளத்துத் தெருக்குழாயில் அவள் குடம் நிரம்பி வழிந்தது.

"நானா சொல்றேன், சைதூனக்கா? ஊரே சொல்லுது. தள்ளாடிகினு போறாரு, எதிர்ல வந்தா சிரிக்கிறதில்ல. சம்பந்தி வூட்டு காதுலயும் வுழுந்துட்சாம்."

சைதூன் குழாயை மூடினாள். அவள் மகள் ஷஃபானாவைச் சதுரங்கப்பட்டினத்தில் பேசி முடித்திருந்தது. வர்ற வெள்ளிக்கிழமை சம்பந்தி கோவளத்துப் பள்ளிவாசலுக்கே தொழ வருகிறாராம். பெண்ணின் வாப்பா நடையைப் பார்க்கத்தான் வருகிறார் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அவள் புருஷன் ஜெயினுலாபுதீன் தையல்காரர். ஒரு சொட்டு தொட்டவரில்லை. கை நடுக்கம் வந்து மிஷினை மூடி வைத்தாயிற்று. இப்போது வாசற்படிக்கு வந்தால் ஆணி அடித்த மாதிரி கால் நின்றுவிடும். செங்கல்பட்டு ஆஸ்பத்திரி மாத்திரையை அவள் ஒருவேளை தவறவிட்டதில்லை. வெறும் வயிற்றில் ஆகாது என்று மீன்குழம்பும் சோறும் ஊட்டி, ஒரு தம்ளர் பாலோடுதான் கொடுப்பாள். ஊட்டி ஊட்டி அவள் கைதான் ஓய்ந்தது.

மறுநாளே செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினாள். டாக்டரம்மா ராஜம் எல்லாம் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நரம்பும் நரம்பும் ஒட்டிட்டு இல்லம்மா. நடுவுல மயிரிழை சந்து. இந்த நரம்பு துளி சாறு விடும், அந்த நரம்பு வாங்கிக்கும். சேதி அப்படித்தான் தாண்டும். உங்க வீட்டுக்காரருக்கு டோபமின்னு ஒரு சாறு மூளையில வத்திப்போச்சு. காலும் வரல, சிரிப்பும் வரல. மாத்திரை உள்ள போய் அந்தச் சாறா மாறணும். ஆனா மீன், பால் சத்தெல்லாம் போற வழியிலதான் அதுவும் போகணும்."

"எங்கூரு பஸ்ஸு மாதிரி. மீன்கூடை ஏறிட்சின்னா மனுசன் ஏற முடியாது."

"அதேதான். மனுஷனை முதல்ல ஏத்துங்க. ஒரு மணி நேரம் கழிச்சுக் கூடை. வாசல்ல கால் நின்னா தரையில ஒரு கோடு காட்டுங்க, தாண்டுவார்."

வெள்ளிக்கிழமை வரை அப்படியே கொடுத்தாள். நடுக்கம் முழுக்கப் போகவில்லை. நடை கொஞ்சம் இளகியிருந்தது.

அன்றைக்கும் வெறும் தண்ணீரில் மாத்திரை. குழம்பு அடுப்பில் ஆறியது.

"புருசனப் பட்டினி போட்டே கொல்லப் போற" என்றார் அவர்.

"ஊட்டித்தான் இத்தினி நாளா கொன்னேன். எழுந்துருங்க."

வாசற்படியில் கால் நின்றது. சைதூன் மூலையில் கிடந்த அவர் துணி அளக்கிற கெஜக்கோலை எடுத்துப் படிக்குக் குறுக்கே போட்டாள். அவர் அதையே பார்த்தார். பிறகு காலைத் தூக்கித் தாண்டி, சிரிக்காத முகத்தோடு, பொன்னி நிற்கிற தெருவில் இறங்கிப் பள்ளிவாசலுக்கு நடந்தார்.